குடி கெடுப்பது ஈரலை மட்டுமல்ல... இதயத்தையும்தான்!

பென்னாகரத்துக்கும் மதுவிலக்குக்கும் பழைய தொடர்பு உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான் என்பதால், பென்னாகரமும் அன்று சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

இன்று டாஸ்மாக் காலம். 'குடிச்சா ஈரல் கெட்டுடும்' என்பது ஊரறிந்த விஷயம். அதே குடி, இதயத்தையும் சத்தமில்லாமல் கெடுக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

இதயத்துக்குள் என்ன நடக்கிறது?

உடலுக்குள் போகும் ஆல்கஹால், அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. இரண்டும் சேர்ந்து இதயத் தசையின் செல்களைத் தாக்குகின்றன. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது. இறந்த செல்களின் இடத்தில் தழும்பு போன்ற நார்த்திசு படிகிறது. நாளடைவில், உடலெங்கும் ரத்தத்தை அனுப்பும் இடது கீழறை பலூன்போல விரிந்து தளர்ந்துவிடுகிறது. ரத்தக்குழாயில் அடைப்பே இல்லாவிட்டாலும் இது வரலாம். இதற்குப் பெயர் 'ஆல்கஹாலிக் கார்டியோமயோபதி'.

ஆரோக்கியமான இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை ரத்தத்தில் 55 முதல் 70 சதவிகிதத்தை வெளியே தள்ளும். பாதிப்பு முற்றினால் இது 40-க்கும் கீழே இறங்கும். எக்கோ பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

எவ்வளவு குடித்தால் ஆபத்து?

தினமும் சுமார் 80 கிராம் ஆல்கஹால் வீதம் 5 ஆண்டுகளுக்கு மேல் குடிப்பவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது. பிராந்தி, விஸ்கி போன்றவற்றில் ஒரு குவார்ட்டரில் மட்டுமே ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பெண்களுக்கு இதைவிடக் குறைந்த அளவே பாதிப்பை உண்டாக்கலாம். 'இந்த அளவு குடித்தால் ஆபத்தில்லை' என்று எந்த அளவையும் சொல்ல முடியாது என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நடந்தால் மூச்சு வாங்குவது, மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையை உயர்த்துவது, பாதம் வீங்குவது, படபடப்பு... இவையெல்லாம் இதயம் தளர்வதன் அறிகுறிகள். காட்டு வேலை செய்த அசதி, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வந்த களைப்பு என்று இவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. தாறுமாறான துடிப்பால் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து, அது மூளைக்குப் போனால் பக்கவாதமும் வரலாம்.

நிறுத்தினால் மீளலாம்

ஆறுதலான செய்தியும் உண்டு. குடியை முழுவதுமாக விட்டு, மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிட்டால், பலருக்குச் சில மாதங்களிலேயே இதயத்தின் வேலைத்திறன் கூடுகிறது. தழும்பு அதிகமாகும் முன் நிறுத்துவது முக்கியம்.

ஆனால், பல வருடங்களாகத் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால், வீட்டிலேயே அடைத்துவைத்து நிறுத்த முயல வேண்டாம். அரசு மருத்துவமனை மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு. ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.