கூட்டம் மூன்று மணிக்கு, ஜீப் ஆறு மணிக்கு

கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று கம்பம் பள்ளத்தாக்கு நெடுகிலும் விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பெண்களை இறக்கிவிடும். தூக்குவாளிச் சோற்றோடு போகிறவர்கள் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவார்கள். பிள்ளைக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டியோ மூத்த பெண்ணோதான். இந்த அம்மாக்களைத்தான், "வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கூட்டம், அவசியம் வாங்க" என்று பள்ளி அழைக்கிறது.

போகத்தான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஏன் போக வேண்டும் என்பதை நாம் யாரும் அந்த அம்மாக்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. பிள்ளையைப் பற்றிய புகாரைத் தலைகுனிந்து கேட்டுவிட்டு வரும் இடம் என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும்; பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், அரசு தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் 2022-இல் அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். தலைவர் நாற்காலி ஒரு தாய்க்கு. 2024-இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

பள்ளிக்காக ஊர் முன்வருவது நமக்குப் புதிதும் அல்ல. காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் தங்களால் முடிந்ததைக் கொண்டுவந்து பள்ளிக்குக் கொடுத்தார்கள். அன்று ஊர் கொடுத்தது. இன்று கேட்கும் உரிமையும் கையில் இருக்கிறது.

என்ன கேட்பது? மதிப்பெண்ணை விடுங்கள். தமிழ்ப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, பிள்ளையை அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்தே தெரியாத அம்மாவுக்கும் பிள்ளை திக்குவது காதில் விழும். மனப்பாடமாக ஒப்பிப்பதும் தெரிந்துவிடும். பிறகு ஆசிரியரிடம், "இவனுக்கு எந்த இடத்தில் தடுமாற்றம்? வீட்டில் நாங்கள் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். அக்கறையுள்ள ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறார்கள். வரும் வழியில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குள் ஒரு எட்டுப் போய், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். தீர்மான நோட்டை வாசிக்காமல், அல்லது வாசித்துக் காட்டச் சொல்லாமல், கையெழுத்துப் போடாதீர்கள்.

இவ்வளவும் அம்மா வந்தால்தான் நடக்கும். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். காய் எடுக்கும் பருவத்தில் ஒரு நாள் கூலி என்பது சின்ன விஷயமல்ல. அதனால் வராதவரை "அக்கறை இல்லாத பெற்றோர்" என்று சொல்வது அநியாயம். 2022 மார்ச் 20-ஆம் தேதி மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிப் பெற்றோரைக் கூட்டினார்களே, அது ஞாயிற்றுக்கிழமை. அன்று முடிந்தது மாதாமாதம் ஏன் முடியாது?

பள்ளத்தாக்கின் தலைமையாசிரியர்களுக்கும் கல்வி அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊருக்கு ஜீப் எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று விசாரியுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டத்தை வையுங்கள்.