முகூர்த்த நாளும் முகத்தோலும்

அதிகாலையில் பங்காருபேட்டை சந்திப்பில் பெங்களூர் ரயிலுக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில் கோலார் தங்கவயல் தமிழர்கள் ஏராளம். 2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, அந்த நகரம்தான் பலருக்கும் பிழைப்பு. முகத்தை மெருகேற்றும் கிளினிக்குகளும் அங்கே தெருவுக்குத் தெரு. தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழிக் கடைசியில் 'கெமிக்கல் பீல்' செய்துகொள்ளும் மணப்பெண்தான் மாட்டிக்கொள்கிறார்.

அமிலம் தடவி மேல்தோலை உரிக்கும் சிகிச்சை இது. லேசான பீலுக்கே சிவப்பும் செதிலும் அடங்க ஒரு வாரம் ஆகலாம். அதோடு முடிந்தால் பரவாயில்லை. மாநிறத் தோல் புண்பட்டு, அதில் வெயிலும் பட்டால் கருந்திட்டு விழும், மறைய மாதக்கணக்காகும். தினமும் ரயிலும் பஸ்ஸும் மாறி வேலைக்குப் போகிறவர் வெயிலுக்கு எங்கே ஒளிவது? முதல் பீலைச் சில மாதங்கள் முன்பே செய்து, தோல் எப்படி ஏற்கிறது என்று பார்த்துவிடுவதே உசிதம். அடுத்ததற்கு இரண்டு முதல் நான்கு வார இடைவெளி வேண்டும். ஆறும்வரை சன்ஸ்கிரீன் கட்டாயம். செதிலைப் பிய்க்கக் கூடாது. நலங்குக்கு மஞ்சளும் கடலைமாவும் தேய்க்கக் காத்திருக்கும் அத்தைமார்களிடமும் சொல்லிவைப்பது நல்லது.

நாள் நெருங்கிவிட்டதே என்று ஸ்டீராய்டு களிம்பைப் பூசுவது இன்னும் மோசம். முதலில் பளிச்சென்றிருக்கும், பிறகு தோல் மெலிந்து, பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும். 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவிட்டது. சீட்டு கேட்காத கடைகளுக்குத்தான் இன்னும் பஞ்சமில்லை.