தட்டை மெஷினுக்குத் திறந்த கதவு

திருப்பூரில் பனியன் துணி ஓட்டுவது வட்ட நிட்டிங் மெஷின். குழாயாக இறங்கும் துணியை வெட்டித் தைத்தால்தான் சட்டை. கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகச் சேரும். டி-ஷர்ட் காலரும் ஸ்வெட்டரும் பின்னும் தட்டை மெஷின் வேறு வகை.

அதில் கூரையின் இரு சரிவுகள்போல ஊசிப்படுக்கைகள் எதிரெதிரே சாய்ந்திருக்கும். ஒவ்வோர் ஊசியின் நுனியிலும் ஒரு கொக்கி, அதை மூடித் திறக்கும் குட்டி நாக்கு. ஊசி மேலேறும்போது, மாட்டியிருக்கும் கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு தண்டுக்கு நழுவும். கொக்கி புது நூலைக் கவ்வி இறங்கும்போது அதே கண்ணி நாக்கை மூடிவிட்டு, தலைவழியே கழன்று போகும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் மேத்யூ டவுன்செண்ட் தந்த இந்த ஊசியின் அடிப்படை இன்றும் மாறவில்லை.

முன்படுக்கைக் கண்ணியைப் பின்படுக்கைக்கு மாற்றி, படுக்கையைச் சற்று நகர்த்தி, மறுபடி முன்னால் வாங்கினால் கண்ணி இடம் மாறும். இப்படியே கத்தரி படாமல் கையைக் குறுக்கலாம், கழுத்தை வளைக்கலாம். ஜப்பானின் ஷிமா செய்கி 1995-இல் தையலே இல்லாத முழு ஸ்வெட்டரைப் பின்னும் மெஷினைக் காட்டியது.

தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளருக்கு இத்தகைய மெஷினின் விலை எட்டாது. விலையைவிடப் பெரிய தடை மென்பொருள் என்பேன். ஒவ்வொரு நிறுவனமும் தன் மெஷினுக்கான கட்டளைகளைத் தனக்கே வைத்துக்கொண்டதால், ஒரு சாம்பிளுக்குக்கூட ஆலையின் புரோகிராமரிடம் காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'நிட்அவுட்' இந்தத் தடையைத்தான் உடைக்கிறது. அது வெறும் எழுத்துக் கோப்பு. முன்படுக்கை 10ஆம் ஊசியில் 3ஆம் நூலால் பின்னு, அந்தக் கண்ணியைப் பின்படுக்கைக்கு மாற்று என்று வரிக்கு ஒரு கட்டளை. எழுதியதை ஷிமா செய்கி மெஷினுக்கும், சிறிய நிட்டரேட் மெஷினுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

அந்த நிட்டரேட்டும் திறந்த முயற்சியில் பிறந்ததே. ஸ்பெயினின் ஜெரார்ட் ரூபியோ 2014-இல் 'ஓப்பன்நிட்' மெஷினின் வரைபடங்களை எல்லோருக்கும் கொடுத்தார். 2017-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி நிட்டரேட்டைக் கொண்டுவந்தார். இன்னும் சிக்கனமான வழி, பழைய பிரதர் கேஎச்-910 வீட்டு மெஷின். 200 ஊசி கொண்ட அந்த மெஷினின் மூளைப் பலகையைக் கழற்றி, ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையைப் பொருத்தினால், கணினியில் வரைந்த படத்தையே பின்னும். ஆனால் ஊசிகளின் மேல் ஓடும் வண்டியைக் கையால்தான் தள்ள வேண்டும்.

நிட்டரேட் 7 கேஜ், அதாவது அங்குலத்துக்கு 7 ஊசி. ஸ்வெட்டர், மஃப்ளர், தொப்பிக்குச் சரி. 24 கேஜில் ஓடும் பனியன் துணியை அதில் எதிர்பார்க்க முடியாது.