சூரியன் அயர்ந்தபோது சறுக்கிய கணக்கு

வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் செயற்கைக்கோள். அதன் முகப்பில் ஒரு துளை. உள்ளே மெல்லிய கம்பிவலைகள், கடைசியில் ஓர் உலோகத் தகடு. எதிர்ப்படும் அயனிகள் தகட்டில் விழுந்தால் மின்னோட்டம் பதிவாகும். இப்போது வலையில் நேர் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். ஒரு வோல்ட்டை எட்டுவதற்குள் ஹைட்ரஜன் அயனிகளில் பெரும்பாலானவை திரும்பிவிடும். எடை குறைவு, மோதும் வலு போதாது. ஆக்சிஜன் அயனி 16 மடங்கு கனம். அதை மறிக்க ஏறக்குறைய 5 வோல்ட் வேண்டும். எந்த வோல்ட்டில் மின்னோட்டம் எவ்வளவு சரிகிறது என்று பார்த்தாலே, அங்கே எந்த அயனி எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். இவ்வளவுதானா கருவி என்று கேட்கத் தோன்றும். இவ்வளவுதான்.

இப்படிப் பல ஆண்டுகள் அளந்த கணக்குகளைத் திரட்டி உருவாக்கியதே ஐ.ஆர்.ஐ. எனப்படும் சர்வதேச அயனிமண்டல மாதிரி. 1960-களின் இறுதியில் தொடங்கிய முயற்சி. தேதி, நேரம், இடம், உயரம் கொடுத்தால், அங்கே வழக்கமாக என்ன இருக்கும் என்று சொல்லும். 100 முதல் 150 கி.மீ. வரை நைட்ரிக் ஆக்சைடு அயனியும் ஆக்சிஜன் மூலக்கூறு அயனியும்; அதற்கு மேலே ஒற்றை ஆக்சிஜன் அயனி; இன்னும் மேலே ஹைட்ரஜன். ஆக்சிஜனைவிட ஹைட்ரஜனின் கை ஓங்கும் உயரம்தான் ஆய்வாளர்கள் கண் வைத்திருக்கும் எல்லை. இரவில் சுமார் 640 கி.மீ., பகலில் 960 கி.மீ. என்பது பழகிய கணக்கு.

2008 ஏப்ரலில் அமெரிக்கா ஏவிய சி/நோஃப்ஸ் செயற்கைக்கோளில் இத்தகைய கருவி இருந்தது. அது கண்ட எல்லை இரவில் சுமார் 420 கி.மீ.; பகலில் 800 கி.மீ.யைச் சற்றே தாண்டியது. கருவியில் கோளாறு இல்லை. சூரியன்தான் அயர்ந்திருந்தது: அந்த ஆண்டு 266 நாட்கள் அதன் முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. புற ஊதாக் கதிர் குறைந்ததால் மேல்வளிமண்டலம் குளிர்ந்து சுருங்கியது. அயனிமண்டலமும் கூடவே கீழே இறங்கியது. அந்தக் காலத்தில் ஐ.ஆர்.ஐ. காட்டிய எலக்ட்ரான் அடர்த்தி உண்மையைவிட அதிகம்.

சிக்கல் எங்கே? சூரியனின் வீச்சை அறிய இந்த மாதிரி பெரிதும் நம்புவது சூரியப்புள்ளிகளின் எண்ணிக்கையை. அது பூஜ்யத்துக்குக் கீழே போகாது. புள்ளியே இல்லாத சூரியனிலும் புற ஊதாக் கதிர் இன்னும் குறைய இடமுண்டு.