மாதிரி பார்த்த பின்னரே கொள்முதல்: ஒரே பென் டிரைவில் பல லினக்ஸ்

குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையை மாதிரி சுவைத்துப் பாராமல் வாங்குவோர் எவரும் விலை கேட்பதில்லை. கடைக் கணினி விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் இந்த வழக்கத்தை மறந்துவிடுகிறோம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 14.10.2025 அன்று முடிந்தது. நீட்டிப்புத் திட்டம் உண்டென்றாலும் அதற்கும் கெடு உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் பார்ப்பது, கல்லாவைப் பூட்டாமல் வீட்டுக்குப் போவதற்குச் சமம். விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களுக்கு, விலையில்லாத லினக்ஸ் ஒரு வழி.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே பல வீடுகளுக்கு வந்தது. மின்ட், உபுண்டு என வேறு வகைகளும் உண்டு. இவற்றில் எது நம் கணினிக்கும் பிரின்டருக்கும் ஒத்துவரும்?

இதற்கு உதவுவது 'வென்டாய்' என்ற இலவச மென்பொருள். 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் இதை ஒருமுறை நிறுவ வேண்டும். அப்போது அதிலுள்ளவை யாவும் அழிந்துவிடும். ஆகவே காலியான பென் டிரைவையே எடுக்கவும். பிறகு ஒவ்வொரு லினக்ஸின் ஐ.எஸ்.ஓ. கோப்பையும் சாதாரணமாக நகலெடுத்துப் போட்டால் போதும். கணினியை அந்த பென் டிரைவிலிருந்து தொடங்கினால் பட்டியல் வரும். ஒன்றைத் தேர்ந்து, 'நிறுவு' என்பதைத் தொடாமல், சோதனை முறையில் ஓட்டிப் பார்க்கலாம். கணினியில் உள்ள விண்டோஸும் கணக்குகளும் அப்படியே இருக்கும்.

வணிகர்கள் கவனிக்க வேண்டியவை: சோதனையில் தட்டச்சு செய்தவை கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். மலையில் அடைமழைக் காலத்தில் மின்சாரம் போனாலும் இதே கதிதான். எனவே அதில் உண்மையான பில் போட வேண்டாம். பில் பிரின்டர், பார்கோடு கருவி, ஜி.எஸ்.டி. தளம், தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றைச் சோதியுங்கள். டேலி விண்டோஸுக்கென அமைந்தது. அதை நம்பியிருப்போர் அவசரப்பட வேண்டாம்.

எது சரிவந்தாலும், கணக்குகளை வேறொரு டிரைவில் நகலெடுத்து வைத்த பின்னரே நிறுவுங்கள். சரிவராவிட்டால் கணினியை அணைத்துப் பென் டிரைவைக் கழற்றிவிட்டால் போதும். மாதிரிதானே, நட்டம் இல்லை.