குளத்துத் தண்ணீரில் படகுப் பயணம், தெரியுமா?

துருசைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும்? வயலுக்கு! வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஆனால் மலையில் ஒரு குளத்தைக் கட்டி, அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விட்டு, அதில் வீடு மாதிரி ஒரு படகை மிதக்கவிட்டு ஊர் ஊராய்ப் போகிறார்கள் என்றால் நம்புவீர்களா? அதுவும் 1681ஆம் ஆண்டில் இருந்து!

பிரான்சின் தெற்கே துலூஸ் நகரில் தொடங்கி மத்தியதரைக் கடற்கரைவரை ஓடுகிறது கனால் து மிடி. நீளம் 240 கிலோமீற்றர்! கிளிநொச்சியில் இருந்து வவுனியாவுக்குப் போய், திரும்பி வந்து, இன்னொரு தரம் போனால்தான் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் வரும்!

இதை வெட்டியவர் பெரிய பொறியியலாளர் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! பியேர் போல் ரிக்கே என்ற அந்த மனிதர் உப்பு வரி வசூலித்தவர்! அறுபது வயதை ஒட்டிய காலத்தில், ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில், மண்வெட்டி போடத் தொடங்கினார். சொந்தக் காசையும் கொட்டினார். வாய்க்கால் திறக்கப்பட்டது 1681 மே மாதம். அவர் இறந்தது 1680 ஒக்ரோபரில்! ஏழே மாதம்! நினைத்தாலே மனம் கனக்கிறது.

அவரிடம் வேலை செய்தவர்கள் எத்தனை பேர்? மும்முரமான நாட்களில் 12,000 பேர்! பெண்களும் மண் சுமந்தார்கள். மழை பெய்து வேலை நின்ற நாளுக்குச் சம்பளம் உண்டா? உண்டு! ஞாயிற்றுக்கிழமைக்கு? உண்டு! காய்ச்சலில் படுத்தால்? அதற்கும் உண்டு! 350 வருடங்களுக்கு முன்னர்! இன்றைக்குக் கூலிக்குப் போகிற எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது, சொல்லுங்கள்?

இப்போது குளத்துக்கு வருவோம். சான் ஃபெரியோல் என்று பெயர். வாய்க்காலுக்குத் தண்ணீர் குறையக்கூடாதென்று 1667இல் கட்டத் தொடங்கியது. கொள்ளளவு சுமார் 63 இலட்சம் கன மீற்றர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவே வாய்பிளந்து பார்த்த குளம்! ஆனால் நம்முடைய கிளிநொச்சி இரணைமடுக் குளம்? அதைப்போல இருபது மடங்குக்கும் மேல்! ஆம், இருபது! பிரான்சையே வியக்கவைத்த குளங்கள் இருபதைக் கொண்டுவந்து ஊற்றினாலும் இரணைமடு வான் பாயாது!

இன்னொன்று கேளுங்கள். நோரூஸ் என்ற இடம்தான் வாய்க்காலின் உச்சி. குளத்துத் தண்ணீர் அங்கே வந்து இரண்டாகப் பிரிகிறது. மேற்கே போவது அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு! கிழக்கே போவது மத்தியதரைக் கடலுக்கு! ஒரே மழையின் இரண்டு துளிகள் இரண்டு கடலில்!

படகு மேட்டில் ஏறுமா? ஏறும்! இதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் கனத்த கதவு போட்ட ஒரு கல் தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடும். கயிற்றைக் கரையில் உள்ள இரும்புக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்கதவில் இருக்கும் சின்னத் துருசு திறக்கிறது. தண்ணீர் கொந்தளித்து உள்ளே பாய்கிறது. பாசி பிடித்த சுவர் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. இல்லை, நீங்கள்தான் மேலே ஏறுகிறீர்கள்! கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே தெரிந்த புல் உங்கள் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். முன்கதவு திறக்கும். அவ்வளவுதான்! பெசியே நகரத்துக்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 21.5 மீற்றர் உயரத்துக்குப் படகை ஏற்றிவிடுகிறார்கள்! ஏழு மாடி உயரம்!

மத்தியானம் ஒரு மணிநேரம் எல்லாம் நின்றுவிடும், ஏன் தெரியுமா? கதவு திறப்பவருக்குச் சாப்பாட்டு நேரம்! படகுகள் வரிசையில் காத்துக் கிடக்கும். யாரும் அவசரப்படுவதில்லை.

வாடகைப் படகை ஓட்ட லைசன்ஸ் வேண்டுமா? தேவையில்லை! கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்து விட்டுவிடுவார்கள். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளேயே! வேகம்? மணிக்கு 8 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது. கரையில் சைக்கிளில் போகிறவர் கையசைத்துவிட்டு உங்களை முந்திப் போவார்!

மல்பாஸ் என்ற இடத்தில் குன்றையே குடைந்து படகை விட்டிருக்கிறார்கள், 165 மீற்றர்! அதற்குக் கீழே ரயில் ஓடுகிறது. அதற்கும் கீழே? 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஒரு நிலத்தடி வடிகால்! பக்கத்துச் சதுப்புக் குளத்தை வற்றவைத்து வயலாக்கியது அதுதான். மேலே இருந்து பார்த்தால் அந்த வயல்கள் சூரியக் கதிர்போல வட்டமாக விரிந்து கிடக்கும். ஒரே குன்றுக்குள் மூன்று சுரங்கம்!

1787இல் ஒருவர் தன் குதிரை வண்டியின் சக்கரங்களைக் கழற்றி, வண்டியையே படகில் ஏற்றி, அதற்குள் உட்கார்ந்தபடி இந்த வாய்க்காலில் பயணம் போனார். யார் அவர்? பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான தோமஸ் ஜெபர்சன்!

கரை நெடுக 42,000 மரங்கள் நின்றன! மருதமரம் நம் ஆற்றங்கரை மண்ணைப் பிடிப்பதைப்போல அங்கே பிளேன் மரங்களின் வேர் கரையைப் பிடித்திருந்தது. 2006இல் ஒரு பூஞ்சண நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரமாயிரமாய் வெட்டினார்கள். இப்போது வேறு கன்றுகள் நட்டு வருகிறார்கள்.

பிரான்சிலேயே வேறொரு வாய்க்காலில், பிரியார் என்ற ஊரில், இன்னொரு அதிசயம்! ஆற்றுக்கு மேலே பாலம், பாலத்துக்குள் தண்ணீர், தண்ணீரில் படகு! 1896இல் திறந்தது, 662 மீற்றர் நீளம். கட்டியவர்களில் ஈபிள் கோபுரக் கம்பனியும் ஒன்று!

பாரிசில் உங்கள் சித்தப்பாவோ மச்சாளோ இருக்கிறார்களா? லாச்சப்பலில் மரக்கறி வாங்கிவிட்டு மெற்றோவில் ஒரே ஒரு நிறுத்தம் போகச் சொல்லுங்கள். ஸ்டாலின்கிராட்! இறங்கினால் எதிரே வாய்க்கால்! அங்கே தொடங்கும் சான் மார்த்தான் வாய்க்கால் 1825இல் திறந்தது. சுமார் 2 கிலோமீற்றர் தூரம் தெருக்களுக்கு அடியில் ஓடுகிறது! மேலே கார், கீழே படகு! அங்கிருந்து வாய்க்காலும் ஆறுமாக மாறி மாறிப் பிடித்தால் மத்தியதரைக் கடல்வரைக்கும் படகிலேயே போய்விடலாம்!

நம் பக்கம் இதெல்லாம் இல்லையா? ஏன் இல்லை! ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பில் இருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம்வரை வாய்க்கால் வழியே வள்ளங்கள் ஓடின. ஆங்கிலேயர் 1804இல் முடித்த ஹமில்டன் வாய்க்கால் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பக்கிங்காம் கால்வாய், ஆந்திராவில் இருந்து மரக்காணம்வரை சுமார் 420 கிலோமீற்றர்! சென்னைக்குள் ஓடும் துண்டை 1877, 78 பஞ்சகாலத்தில் பசித்த மக்களே வெட்டினார்கள். பாரதிதாசன் அந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போய் ஒரு கவிதையே எழுதியிருக்கிறார்!

நெல் விதைப்பவர்களுக்கு ஒரு கேள்வி. வயலைவிட உயரத்தில் படகு போகுமா? கேரளத்துக் குட்டநாட்டில் போகிறது! கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலத்தில் அங்கே நெல் விளைகிறது. வரம்புக்கு அப்பால் வாய்க்கால், அதில் ஆணியே அடிக்காமல் தும்புக் கயிற்றால் தைத்த கெட்டுவள்ளம்! படகில் இருந்து குனிந்துதான் கதிரைப் பார்க்க வேண்டும்!

வன்னியில்? 2011இல் 288 மீற்றர் நீளப் பாலம் திறப்பதற்கு முந்திய காலத்தில் சங்குப்பிட்டியில் பாதை ஏறித்தானே கடந்தோம்! படகு மட்டுமா, தண்ணீரைத் தேடிப் பறவைகளும் வருகின்றன! கொக்குளாய்க் களப்பு 1951இல் இருந்தே பறவைகள் சரணாலயம். வவுனியாப் பக்கத்து மழையை அள்ளிக்கொண்டு வடக்கே வருகிற கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பி, கிளிநொச்சி வயல்களுக்குக் கொடுத்து, மிச்சத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது தெரியுமா? சுண்டிக்குளம் களப்பில்! 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம்! மாரி முடிந்து தை, மாசியில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், தூர தேசத்துப் பறவைகள் ஆழமில்லாத தண்ணீரில் வரிசை வரிசையாய் இரை பொறுக்கும். அதிட்டம் இருந்தால் பூநாரையும்!