வடம் இழுத்த கரையில்

ஒரு நதியின் நீளத்தை அளக்கப் புகுகிறவர்கள் அது பிறக்கும் மலையிலிருந்து தொடங்குவதே இயல்பு. டான்யூபை அளந்தவர்களோ அது கருங்கடலில் கலக்கும் சுலினா முகத்துவாரத்தில் பூஜ்யத்தை நட்டு, அங்கிருந்து பிரவாகத்துக்கு எதிராக மேல்நோக்கி எண்ணிக்கொண்டே போனார்கள். ஆகையால் ஜெர்மனியின் எல்லைநகரமான பாஸாவ் ஏறக்குறைய 2,226-ஆம் கிலோமீட்டரிலும், வியன்னாவின் ரைக்ஸ்ப்ரூக்கே பாலம் 1,929-ஆம் கிலோமீட்டரிலும் நிற்கின்றன. பாஸாவில் சைக்கிள் ஏறி வியன்னாவை நோக்கிப் போகிறவருக்குக் கரையோரப் பலகைகளில் எண்கள் நாளுக்கு நாள், தவணை கட்டிவரும் கடனைப் போல, குறைந்துகொண்டே வருகின்றன.

அந்தப் பாஸாவில் மூன்று நதிகள் சங்கமிக்கின்றன. ஆல்ப்ஸ் மலையின் பனிநீரும் பாறைத்தூளும் கரைந்து வரும் இன் நதி வெளிறிய பச்சையாகவும், பவேரியக் காட்டுச் சதுப்புகளின் சாறு ஊறிய இல்ஸ் என்னும் சிற்றாறு கறுப்பாகவும் வந்து சேர, நடுவே டான்யூப், சங்கீத உலகம் அதற்குச் சூட்டியிருக்கும் நீலப் பட்டத்துக்குப் பொறுப்பேற்க விரும்பாததுபோல, மங்கிய ஒரு நிறத்தில் ஓடுகிறது. நகரமண்டபத்துச் சுவரில் வெள்ளங்கள் ஏறிய உயரங்களைக் கோடு கிழித்து ஆண்டு எழுதியிருக்கிறார்கள். 2013 ஜூன் மாதத்தில் நதி 12.89 மீட்டர் வரை ஏறி, ஐந்து நூற்றாண்டுகளில் காணாத வெள்ளமாகப் பழைய நகரத்தின் கீழ்த்தெருக்களை மூழ்கடித்தது. கோடைக் காலத்தில் நாள்தோறும் காலையில், இந்தக் கோடுகளை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புறப்படுகிறவர்கள் பந்தய வீரர்கள் அல்லர். ஓய்வு பெற்ற தம்பதிகளும், குழந்தையைப் பின்வண்டியில் உட்காரவைத்த பெற்றோரும், ஆபீஸ் நாற்காலியிலிருந்து ஒரு வாரத்துக்கு விடுதலை பெற்றவர்களுமே மிகுதி. ரயில் இரண்டரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும் தூரத்தை அவர்கள் ஏழு நாட்களில் கடக்க உத்தேசித்திருக்கிறார்கள். சைக்கிள் பாதையின் கணக்கில் அது சுமார் 320 கிலோமீட்டர்.

இந்த ஏற்பாட்டில் வழிகாட்டி என்று ஒருவர் கூடவே வருவதில்லை என்பதுதான் இதன் விசேஷம். பிரயாண நிறுவனம் முன்கூட்டியே ஏழு இரவுகளுக்கும் விடுதியைப் பேசி வைத்து, வாடகைச் சைக்கிளையும், கேரியரில் மாட்டும் பைகளையும், பூட்டையும், பஞ்சர் ஒட்டும் சாமான்களையும், வழிக்குறிப்புகள் கொண்ட வரைபடப் புத்தகத்தையும் கொடுத்துவிடுகிறது. தினமும் காலையில் பெட்டியை விடுதி வாசலில் வைத்துவிட்டால், ஒரு வேன் அதை எடுத்துப் போய் அன்று இரவு தங்கும் ஊரில் சேர்த்துவிடும். நடுவில் உள்ள பகற்பொழுது முழுவதும் பிரயாணிக்கே சொந்தம். எந்தக் கரையில் போவது, எங்கே இறங்குவது, எந்த மரத்தடியில் ஒரு மணி நேரத்தைத் தொலைப்பது என்பதையெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை; களைத்துப் போனால் பக்கத்திலேயே ரயில் ஓடுகிறது, பல இடங்களில் கப்பலும் உண்டு, அவற்றில் சைக்கிளோடு ஏறிக்கொள்வதை யாரும் தோல்வியாகக் கருதுவதில்லை. கூட்டமாகப் போய்க் கொடி பிடித்தவர் பின்னால் ஓடும் சுற்றுலாவைவிட இது எத்தனையோ மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. வாடகை வண்டிகள் பலவற்றில் மிதிகட்டையைப் பின்னுக்கு அழுத்தினால் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும் வகை பிரேக் பொருத்தியிருக்கிறார்கள்; இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்திப் பெடலைப் பின்பக்கமாகச் சுழற்றி விளையாடும் பழக்கமுள்ள நம்மவர், முதல்நாள் விடுதி வாசலிலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொள்வது நலம்.

நதியோடு போவதால் வழியெல்லாம் இறக்கம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பாஸாவிலிருந்து வியன்னா வரை நதி கிலோமீட்டருக்கு அரை மீட்டர் அளவே தாழ்கிறது. அந்தச் சரிவைக் கணக்குப் புத்தகத்தில் காணலாமேயன்றிக் கால்களால் உணர முடியாது. கால்கள் உணர்வது காற்றைத்தான். அந்தப் பிரதேசத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசுவதால், கிழக்கு நோக்கிப் போகிறவர்கள் முதுகில் யாரோ அன்பாகக் கைவைத்துத் தள்ளுவதுபோல் போகிறார்கள். எதிர்த்திசையில் போகும் பிடிவாதக்காரர்களின் முகத்தைப் பார்த்தாலே அந்த உபகாரத்தின் மதிப்பு விளங்கும்.

மேடு பள்ளமின்றி, நீரின் விளிம்பை விட்டு விலகாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இப்படியொரு பாதை உல்லாசப் பிரயாணிகளுக்காக உண்டாக்கப்பட்டதல்ல. இதற்கு அந்நாட்டில் ட்ரெப்பல்வேக் என்று பெயர். படகிழுக்கும் பாதை என்று நாம் சொல்லலாம். நீராவி வருவதற்கு முன், உப்பும் தானியமும் மதுவும் ஏற்றிய படகுகள் கீழ்நோக்கிப் போகும்போது நதியே சுமந்து சென்றது. மேல்நோக்கி வர வேண்டுமானால் முப்பது, நாற்பது குதிரைகளைக் கரையில் பூட்டி, தேர்வடம் போன்ற பருமனான கயிற்றால், சவாரிக்காரர்கள் கூவிக்கொண்டே வர, நாள் முழுவதும் இழுத்தாக வேண்டும். கரை பாறையாகிவிட்ட இடத்தில் குதிரைகளைப் படகிலேற்றி எதிர்க்கரைக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளத்தில் வடம் அறுந்தால் மனிதனும் மிருகமும் சேர்ந்தே போனார்கள். இந்தச் சிரமத்துக்கு அஞ்சியே, ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து வந்த படகுகளை வியன்னா சேர்ந்ததும் பலகை பலகையாகப் பிரித்து மரவிலைக்கு விற்றுவிட்டு, படகோட்டிகள் நடந்தே ஊர் திரும்பினார்கள். 1829-இல் வியன்னாவில் டான்யூப் நீராவிக் கப்பல் கம்பெனி ஏற்பட்டது. குதிரைகள் ஓய்வு பெற்றன. பாதை, நதியைப் பராமரிக்கும் அதிகாரிகளைத் தவிர வேறு யாருக்கும் உதவாமல் புல் மண்டிக் கிடந்தது. 1980-களின் தொடக்கத்தில் அதைச் சைக்கிள்காரர்களுக்குத் திறந்துவிட்டபோது, பிரவாகத்தை எதிர்த்து உழைப்பதற்கென்று போட்ட வழி, பிரவாகத்தோடு சோம்பலாகப் போவதற்கு உரியதாகிவிட்டது.

பாஸாவை விட்ட மறுநாள் ஷ்லோகன் என்ற இடத்தில் நதி கருங்கல் மலையொன்றில் முட்டி, வந்த திசைக்கே திரும்பிவிட்டதோ என்று ஐயுறும்படி முழு வளைவு வளைகிறது. அங்கே வடகரையில் மலை நீருக்குள் செங்குத்தாக இறங்குவதால் பாதை சிறிது தூரம் அறுந்துபோகிறது. அந்த இடைவெளியைச் சைக்கிள்களுக்கென்றே ஓடும் சிறுபடகு, அக்கரைக்கு அல்ல, அதே கரையோரமாகவே கொண்டுபோய் இணைத்துவிடுகிறது. மலை விலகியதும் சமவெளி விரிய, அதில் எஃபர்டிங் என்ற சிற்றூர் வருகிறது. பாதையிலிருந்து சற்று விலகியிருப்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. கிரகங்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டுசொன்ன கெப்ளர் 1613-இல் தம் இரண்டாவது விவாகத்தை இவ்வூரில்தான் நடத்தினார். அந்த ஆண்டு திராட்சை அமோகமாக விளைந்து, கீழ் ஆஸ்திரியாவிலிருந்து வந்த மதுப்பீப்பாய்கள் லின்ஸ் நகரத்துக் கரையில் மலையாகக் குவிந்திருக்க, புதுக் குடித்தனக்காரரான கெப்ளரும் சில வாங்கினார். வியாபாரி வந்து, பீப்பாய் வயிற்றிலுள்ள துளை வழியாக ஒரு கோலை எதிர்மூலை வரை சாய்த்து நுழைத்து, நனைந்த நீளத்தைப் பார்த்து இத்தனை அளவு என்று விலை சொன்னான். பீப்பாயின் வடிவத்தைப் பாராமல் ஒரே கோலால் எல்லாவற்றையும் அளப்பது எப்படி நியாயமாகும் என்று அந்தக் கணித மேதைக்குச் சந்தேகம் தட்டிற்று. விசாரணை நீண்டு, 1615-இல் மதுப்பீப்பாய்களின் கன அளவைப் பற்றிய ஒரு நூலாகவே வெளிவந்து, பிற்காலத்துத் தொகை நுண்கணிதத்துக்கு முன்னோடிகளில் ஒன்றாயிற்று. ஆஸ்திரியப் பீப்பாய்களின் அமைப்பில் சிறு வேறுபாடுகள் கொள்ளளவைப் பெரிதும் மாற்றுவதில்லை என்று கண்டு, வியாபாரியின் கோலில் அவ்வளவு மோசமில்லை என்று அவரே தீர்ப்பும் அளித்தார்.

லின்ஸ் பெரிய தொழில்நகரம். ஜாம் வைத்துச் சுடும் அதன் பேர்பெற்ற கேக்கைத் தின்றுவிட்டுப் போகலாம்.

அதை அடுத்த மவுட்ஹவுசனில் அப்படிப் போய்விட முடியாது, போகவும் கூடாது. ஆற்றங்கரையில் பூந்தொட்டிகள் வைத்த விடுதிகளும், அவற்றில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிரயாணிகளும் தெரிகின்றனர். மேலே குன்றின்மீது, நாஜிகள் 1938 முதல் 1945 வரை நடத்திய சிறைமுகாமின் கருங்கற் சுவர்கள் நிற்கின்றன. ஏறக்குறைய 1,90,000 பேர் அங்கும் அதன் கிளைமுகாம்களிலும் அடைக்கப்பட்டனர். அவர்களில் 90,000 பேராவது உயிரிழந்தனர். கல்லுடைக்கும் குழியிலிருந்து 186 படிகளின் வழியே கைதிகள் முதுகில் பாறை சுமந்து ஏற வேண்டியிருந்தது. பாதையிலிருந்து அங்கே போகும் வழி, அந்த வாரம் முழுவதிலும் உள்ள மிகக் கடினமான ஏற்றம். பலர் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே போகிறார்கள்.

பாஸாவுக்கும் வியன்னாவுக்கும் இடையே, வியன்னா நகருக்குள் இருப்பதையும் சேர்த்து, பத்து அணைகள் நதியை மறித்து மின்சாரம் எடுக்கின்றன. அணைகளை அடுத்த நீர்த்தேக்கங்களின் கரை, கோடு கிழித்தாற்போல் நேராக, நிழலின்றி, மணிக்கணக்காக நீள்கிறது. விளம்பரப் படங்கள் இந்தப் பகுதியைக் காட்டுவதில்லை. ஆனால் மெல்க் நகரைத் தாண்டிக் கிரெம்ஸ் வரையில், சுமார் 35 கிலோமீட்டர் நீளமுள்ள வாகாவ் பள்ளத்தாக்கில் மட்டும் நதி தடையின்றி ஓடுகிறது. அங்கேயும் அணை கட்ட ஒரு திட்டம் எழுந்தது. மக்கள் எதிர்த்து நின்று அதைக் கைவிடச் செய்தார்கள். அவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்பதை அறிய, மெல்க் குன்றின் மேலுள்ள மஞ்சள் நிறத் துறவிமடத்தையும் அதன் தங்கப் பூச்சுகளையும்விட, ஸ்பிட்ஸ் என்ற ஊரின் ஓடத்துறையில் அரைமணி நேரம் நிற்பது உதவும்.

அந்த ஓடத்துக்கு நதியைக் கடக்க எஞ்சின் தேவையில்லை. கரைக்குக் கரை, ஆற்றுக்கு மேலே உயரமாக ஓர் எஃகு வடம் கட்டியிருக்கிறார்கள். அதன்மீது உருளும் கப்பியிலிருந்து இறங்கும் கயிறு ஓடத்தைப் பிடித்திருக்கிறது. ஓடக்காரர் சுக்கானைத் திருப்பி ஓடத்தை நீரோட்டத்துக்குச் சற்றே சாய்வாக நிறுத்துகிறார். ஓடத்தைக் கீழே அடித்துக்கொண்டு போக முயலும் நீர், வடம் விடாததால் வேறு வழியின்றி, அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. காருடனும் சைக்கிளுடனும் ஓடம் புகையின்றி, ஓசையின்றி அக்கரை போய்ச் சேர்கிறது. திரும்பி வர, சாய்வை மறுபக்கம் மாற்றினால் போதும். அணை கட்டி ஓட்டம் தளர்ந்திருந்தால் இந்த வித்தை நடந்திராது.

வாகாவில் வடகரையில் பேர்பெற்ற ஊர்களும் அவற்றுக்குரிய கார்க் கூட்டமும், தென்கரையில் அமைதியும் இருக்கின்றன. ஓடங்களைக் கொண்டு இரண்டையும் மாறி மாறி அனுபவிப்பதே புத்திசாலித்தனம். மலைச்சரிவெங்கும், சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் தாங்கும் படிக்கட்டு வயல்களில் திராட்சைக் கொடிகள்; சமநிலத்தில் ஆப்ரிகாட் தோப்புகள். வசந்தத்தின் தொடக்கத்தில் பூத்து ஜூலையில் கனியும் அந்தப் பழத்தை முழுசாக மாவில் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருகிறார்கள். கொழுக்கட்டையறிந்த நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. வீட்டு வாசலில் கம்பு நட்டுப் பச்சைத்தழை கட்டியிருந்தால், அந்தக் குடியானவர் தம் சொந்த மதுவை அன்று விற்கிறார் என்று பொருள். 1784-இல் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி கொடுத்த உரிமை அது. மது வேண்டாதவர்களுக்குத் திராட்சைரசம் உண்டு. பீரில் எலுமிச்சைப் பானத்தைப் பாதிக்குப் பாதி கலந்தால் அதற்கு ராட்லர் என்று பெயர். சைக்கிள்காரன் என்பதே அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

வழியில் வில்லென்டார்ஃப் என்ற ஊருக்கு மேலே, 1908-இல் ரயில்பாதை போட்டபோது, பதினோரு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு சுண்ணாம்புக்கல் பெண்ணுருவம் மண்ணிலிருந்து வெளிவந்தது. சுமார் முப்பதாயிரம் ஆண்டுப் பழமையான அதை வியன்னா அருங்காட்சியகத்தில் காணலாம். டூர்ன்ஷ்டைன் ஊரின் தலைக்குமேல் சிதைந்து நிற்கும் கோட்டையில்தான், சிலுவைப்போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு 1192-இன் இறுதியில் அடைக்கப்பட்டார். அவரை விடுவிக்க வந்த வெள்ளியின் ஒரு பங்கு வியன்னாவின் மதில்களுக்குச் செலவாயிற்று.

கிரெம்ஸுக்குப் பின் மீண்டும் சமவெளி. தென்கரையில் ஸ்வென்டன்டார்ஃப் அருகே ஓர் அணுமின் நிலையம் முழுமையாகக் கட்டிமுடிக்கப்பட்டு, ஒருநாளும் ஓடாமல் நிற்கிறது. 1978 நவம்பர் 5-ஆம் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பில் 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்துவிட்டார்கள். சக்கரமே சுழலாத அந்தப் பிரம்மாண்டத்தின் நிழலில் சைக்கிளை நிறுத்தி ரொட்டி தின்கிறவர்கள் உண்டு.

வியன்னாவில் சாவியையும் பைகளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. பழைய படகுகளைப் போலச் சைக்கிளை இங்கே விறகுவிலைக்கு விற்பதில்லை. மேல்நோக்கி இழுக்கக் குதிரைகளும் இல்லை. ஒரு லாரியின் பின்னால் கோத்த நீண்ட இழுவண்டியில், பத்தும் இருபதுமாக நிறுத்திக் கட்டி, நதியை விட்டுத் தூரத்தே ஓடும் நெடுஞ்சாலை வழியாகப் பாஸாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் காலையில், வெள்ளக் கோடுகள் போட்ட சுவருக்குப் பக்கத்தில், வேறொருவர் அதன் ஆசனத்தைத் தம் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டிருப்பார்.